இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு: பள்ளி நேரம் எங்கே போகிறது?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், ஆண்டுக்கு எத்தனை வேலை நாள், கட்டடத்தில் என்னென்ன வசதி என்று வரையறுக்கும் சிறு பகுதி அது. அதில் உள்ள இரண்டு வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது ஒரு வரி. ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேர வேலை, பாடத் தயாரிப்பும் அதில் அடக்கம் என்கிறது இன்னொன்று. 800 மணியை 200 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 4 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 20 மணி நேரம். வகுப்பு நேரம் சட்டம் சொல்லும் குறைந்த அளவைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டாலும், வாரத்தில் பதினைந்து இருபது மணி நேரம் வகுப்புக்கு வெளியே மிஞ்ச வேண்டும். பாடம் தயாரிக்க, நோட்டுத் திருத்த, பின்தங்கிய பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர, பெற்றோரிடம் பேச அந்த நேரம் தேவை என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் ஒரு சிறிய அரசுத் தொடக்கப் பள்ளியில் அந்த மணி நேரங்களைத் தேடிப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மாலை நான்கு மணி வரை பிள்ளைகள் பள்ளியில்தான் இருக்கிறார்கள். இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். காலிப் பாடவேளை என்று ஒன்று அவர்களுடைய கால அட்டவணையிலேயே கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒரு பாடவேளை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தலாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் எழுந்து போனால் அவருடைய மூன்று வகுப்புகளும் அந்த நேரத்துக்கு ஆளில்லாமல் நிற்கும்.

இதற்கும் அதே அட்டவணைதான் காரணம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர் என்று அது கணக்கிடுகிறது. தலையை எண்ணித்தான் ஆசிரியர். வகுப்பை எண்ணி அல்ல. 34 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:17. எந்த அறிக்கையில் போட்டாலும் அழகாகத்தான் தெரியும். அந்த 34 பேரும் ஐந்து வகுப்பாகப் பிரிந்திருக்கிறார்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன என்பது அந்த விகிதத்தில் தெரியாது. ஆசிரியர்களின் பணிச்சுமை பற்றிப் பேசும்போதெல்லாம் "வகுப்பில் இருபது பிள்ளைகள்தானே" என்று பதில் வருவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

அந்த இருவரின் நாளுக்குள் வேறு வேலைகளும் வந்து சேர்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் தரவுத் தொகுப்பான எமிஸ் தளத்திலும் செயலியிலும் மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, காலை உணவு சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை, சீருடை, காலணி, புத்தகப்பை, நோட்டு ஆகியவை யார் யாருக்கு வழங்கப்பட்டன என்ற விவரம், உயரம், எடை, வங்கிக் கணக்கு, ஆதார், உதவித்தொகை விண்ணப்பம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானமும் புகைப்படமும். பருவத் தொடக்கத்தில் வட்டாரக் கிடங்கிலிருந்து புத்தக மூட்டைகளைக் கொண்டுவருவது பல ஊர்களில் ஆசிரியர் பொறுப்பாகவே இருக்கிறது. இவற்றில் எதையும் வீண் என்று சொல்ல முடியாது. பிள்ளைக்குச் செருப்பு கிடைத்ததா என்று அரசுக்குத் தெரியத்தான் வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் பத்து நிமிட வேலைதான்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காலை முதல் பாடவேளையில் சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும். வருகை பதிவாகவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வாட்ஸ்ஆப் குழுவில் பள்ளியின் பெயரோடு பட்டியல் வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கடன் வாங்கிக் கழித்தலில் எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்கத் தொடங்கிய நேரத்தில் "பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவும்" என்று ஒரு செய்தி வரும். ஆசிரியர் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை தடுமாறிய இடம் கைநழுவிப் போயிருக்கும். கற்பித்தல் தொடர்ச்சியைக் கேட்கும் வேலை. ஒரு மணி நேரத்தை ஆறு பத்து நிமிடங்களாக உடைத்துக் கொடுத்தால் அது மறுபடி ஒரு மணி நேரம் ஆகாது. பணிச்சுமையை வெறும் மணிக்கணக்கில் அளக்கும் ஆய்வுகள் தவறவிடுவது இதைத்தான்.

ஊக்கம் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சோர்ந்துபோன ஆசிரியருக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்துவந்து ஒரு நாள் பயிற்சி கொடுப்பது நம் வழக்கம். அந்த ஒரு நாளுக்கும் அவர் வகுப்பை விட்டுத்தான் வர வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்டி 1975-இல் வெளியிட்ட ஆய்வில், எது தங்களுக்கு நிறைவு தருகிறது என்று பள்ளி ஆசிரியர்களிடம் விரிவாகக் கேட்டிருந்தார். பெரும்பாலோர் சொன்னது ஒன்றையே: ஒரு பிள்ளைக்கோ ஒரு வகுப்புக்கோ தாம் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று தெரியும் தருணம். சம்பளமும் பதவியும் அதற்குப் பின்னால்தான் வந்தன. எரிச்சல் தருவது எது என்று கேட்டபோது எழுத்துவேலையையும் வகுப்பைக் குலைக்கும் இடையூறுகளையும் சொன்னார்கள். நாடு வேறு, காலம் வேறு என்றாலும் தமிழ்நாட்டில் ஆசிரியர்களோடு அரை மணி நேரம் பேசினால் இதே பதில்தான் வரும். ஊக்கம் வகுப்பறைக்குள் உண்டாகிறது. அங்கே இருக்க விடாமல் செய்துவிட்டு, வெளியிலிருந்து அதைக் கொண்டுவந்து ஊற்ற முடியாது.

பணிச்சோர்வைப் பற்றி உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் 1981 முதல் சொல்லிவருவதும் இதற்கு நெருக்கமானது. அவர் மூன்று அடையாளங்களைக் காட்டுகிறார்: உடலும் மனமும் வற்றிப்போவது, எதிரே இருக்கும் மனிதரிடம் ஒட்டுதல் குறைவது, தான் செய்யும் வேலையால் பயன் விளைகிறது என்ற எண்ணம் போய்விடுவது. முதலாவதை ஒரு மே மாத விடுமுறை ஓரளவு சரிசெய்யலாம். மூன்றாவதை விடுமுறை தொடாது. பிள்ளைகளுக்கு அவ்வளவு விடுமுறை இருக்கிறதே, ஆசிரியருக்கு என்ன சோர்வு என்று கேட்பவர்கள் முதலாவதை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள்.

இவ்வளவு பதிவேடு எங்கிருந்து வந்தது? வேர் பழையது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகள், பள்ளிக்கான மானியத்தைப் பிள்ளைகளின் வருகையோடும் தேர்ச்சியோடும் கட்டின. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை நிறுத்திச் சோதிப்பார், தேறியவர்களை எண்ணி மானியம் வரும். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் திண்ணைப் பள்ளிகள் பலவும் அந்த மானியத்துக்காக வருகைப் பதிவேடு வைக்கப் பழகின. 1904-இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் அந்த மானிய முறையைக் கைவிட்டது. பதிவேடு மட்டும் தங்கிவிட்டது. ஊருக்குள் தன் விருப்பப்படி கற்பித்த பழைய ஆசிரியர், மேலதிகாரி முன் நடுங்கும் கடைநிலை ஊழியராகவும் பிள்ளைகள் முன் சர்வாதிகாரியாகவும் காலனி ஆட்சியில் மாறியதைக் கல்வியாளர் கிருஷ்ண குமார் விரிவாக எழுதியிருக்கிறார்.

அண்மைக்கால வேர் ஒன்றும் உண்டு. உலக வங்கியோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள் 2003-இல் இந்தியா முழுவதும் சுமார் 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வு, அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 25 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் பள்ளியில் இல்லை என்றது. அந்த எண் கொள்கை வகுப்பவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. கைரேகைக் கருவி, முகப்பதிவு, இருப்பிடம் காட்டும் செயலி எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நாலில் ஒன்று நிற்கிறது. 2017-இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளில் அதே கேள்வியைப் பிரித்துக் கேட்டது. பள்ளியில் இல்லாதவர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் காரணம் இல்லாமல் வராதவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் முறையான விடுப்பிலோ, பயிற்சியிலோ, அரசே அனுப்பிய அலுவல் பணியிலோ இருந்தார்கள். அந்த 2.5 விழுக்காட்டைப் பிடிக்க ஒரு நிர்வாகம் முயல்வதில் தவறில்லை. நூற்றில் மற்ற 97 பேரின் காலையை அதற்காகச் செலவழிப்பது சரியா என்பதுதான் கேள்வி.

பதிவேடு கற்றலை உயர்த்தினால் இந்தச் செலவை ஏற்றுக்கொள்ளலாம். ஹரியானாவில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைப் பல பள்ளிகளில் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் ஜேம்ஸ் பெர்ரி, ஹரிணி கண்ணன் உள்ளிட்ட குழுவினர். 2020-இல் முடிவு வெளியானது. அடிக்கடி மதிப்பிட்டு, படிவம் நிரப்பி, அறிக்கை எழுதியதால் பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதே ஆய்வில், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைகள் இருக்கும் நிலையைப் பார்த்துக் குழுவாக்கி, நாளில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கிய பள்ளிகளில் மொழித்திறன் உயர்ந்தது. தமிழ்நாட்டிலும் 2012–13 முதல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. அந்த 40-க்கான பதிவேட்டை நிரப்பிய ஆசிரியர்களுக்கு ஹரியானா முடிவு வியப்பைத் தராது.

சுமையைக் குறைக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. அதை நாம் சான்றாகப் பார்ப்பதில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது மையங்களுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி ஆட்களை அமர்த்தினார்கள். தலைமையாசிரியர் மேற்பார்வை பார்த்தாலும், அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு எழுதுவது ஆசிரியரின் அன்றாட வேலையாக ஆகவில்லை. வேறு பல மாநிலங்களில் மதிய உணவு வேலை ஆசிரியரின் தலையில் விழுந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே அந்த நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் இங்கே எடுத்த முடிவு எளிமையானது: புது வேலை வந்தால் புது ஆள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் சமைக்கும் வேலை மகளிர் சுய உதவிக் குழுவினருக்குப் போனது. தரவு என்று வரும்போது மட்டும் அந்த நெறியை மறந்துவிட்டோம். எமிஸ் வந்தபோது அதற்கு ஆள் வரவில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் 2023-இல் போராட்டம் அறிவித்தபோது, எமிஸ் பதிவிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது முன்னணிக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை.

கூடுதலாக ஓர் ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் இல்லை, அங்கன்வாடியில். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரின் ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகக் கொடுக்கப்பட்டார். அவர் வேலை முன்பருவக் கல்வி மட்டும். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்துக்குப் பின் கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம். எதிர்பாராத பலன் ஒன்றும் இருந்தது: ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு நிர்வாகத்தையும் ஊட்டச்சத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததால், வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைந்தன. செலவைவிடப் பலன் பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு. ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்யும் இடத்தில் எல்லாமே அரைகுறையாகும் என்ற பொதுப்புத்திக்கு இதைவிடத் துல்லியமான நிரூபணம் நம் மண்ணிலிருந்து கிடைப்பது அரிது. இதை ஈராசிரியர் பள்ளிக்கு எடுத்துச்செல்ல என்ன தடை? மூன்று நான்கு சிறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தர், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து பதிவுகளை முடித்துத் தந்தால், இரண்டு ஆசிரியர்களின் காலை நேரம் திரும்பிவிடும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும், அதன் குறையோடு. இங்கிலாந்தில் 2003 ஜனவரியில் அரசும் ஆசிரியர் சங்கங்கள் பெரும்பாலானவையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆசிரியர் வழக்கமாகச் செய்யக் கூடாத வேலைகள் என்று இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டார்கள்: பணம் வசூலிப்பது, மொத்தமாக நகல் எடுப்பது, வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது, மாணவர் தரவுகளைக் கணினியில் ஏற்றுவது. 2005 முதல் கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தயாரிப்புக்கென்று ஒதுக்குவது உரிமையானது. ஆனாலும் புதிய சுமைகள் வேறு வழியாக வந்து சேர்ந்தன. நோட்டில் ஆசிரியர் பக்கம் பக்கமாகக் கருத்து எழுத வேண்டும், அதற்குப் பிள்ளை பதில் எழுத வேண்டும், அதற்கு ஆசிரியர் மறுபடி எழுத வேண்டும் என்ற பழக்கம் ஆய்வாளர் பார்வைக்குப் பயந்து பரவியது. 2014-இல் அரசு கருத்துக் கேட்டபோது சுமார் 44,000 பேர் பதில் அனுப்பினார்கள். நோட்டுத் திருத்தம், பாடத் திட்டமிடல், தரவு ஆகிய மூன்றைப் பற்றி 2016-இல் தனித்தனி அறிக்கைகள் வந்தன. அவ்வளவு எழுத்து எங்களுக்குத் தேவையில்லை என்று பள்ளிகளைச் சோதிக்கும் ஆய்வு அமைப்பே சொன்னது. 2016-இல் வாரத்துக்கு 54.4 மணி நேரமாக இருந்த சராசரி வேலை நேரம் 2019-இல் 49.5 ஆனது. அதற்குப் பிறகும் அங்கே ஆசிரியர்கள் விலகிப் போவது நிற்கவில்லை. ஊதியமும் மாணவர் ஒழுங்கும் தனிப் பிரச்சினைகள். ஆயினும் இன்ன வேலையை நிறுத்துங்கள் என்று பெயர் சொல்லி நிறுத்தியபோது மணி நேரம் குறைந்தது. "மன அழுத்தம் இல்லாமல் பணியாற்றுங்கள்" என்ற அறிவுரையால் அது குறைந்திருக்காது.

இனி, வேலையைத் தனதாக உணர்வது பற்றி. 2003-இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலிப் பள்ளியின் பல்வகுப்புக் கற்பித்தல் முறையைப் பார்த்துவந்த மாநகராட்சி ஆசிரியர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி கற்றல் அட்டைகளைத் தாங்களே உருவாக்கினார்கள். செயல்வழிக் கற்றல் அப்படித்தான் பிறந்தது. அந்த வகுப்பறைகளில் ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வெளிமாநிலங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். 2007–08-இல் மாநிலம் முழுதும் அது போனபோது அட்டைகள் அச்சாகி வந்தன, கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படிகள் சுவரில் ஒட்டப்பட்டன, எப்படி உட்கார வேண்டும் என்பதும் உத்தரவாக வந்தது. முறை அதேதான்; அதை ஆக்கியவர்களுக்கு இருந்த உற்சாகம் பெற்றுக்கொண்டவர்களுக்கு இல்லை. அதன் பிறகு 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிக்கும் அடிப்படை எண்ணம் நல்லது. பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஆசிரியருக்கு உண்மையில் உதவக்கூடியது. அதை இந்த நாளில் இந்தப் பக்கம் என்று கட்டிப்போடும்போது அந்த உதவி குறைகிறது. மொட்டில் இருக்கும் பிள்ளை இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவளைத் தினமும் பார்க்கும் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். குறுவள மையக் கூட்டங்களும் இப்படித்தான். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடித் தங்கள் வகுப்பில் நடந்ததைப் பேசிக்கொள்ளும் இடமாக அது இருந்தால் ஒரு சனிக்கிழமையைக் கொடுக்க ஆசிரியர்கள் தயங்கமாட்டார்கள். மேலிருந்து வந்த காணொளியைப் பார்த்துக் கையெழுத்திட்டுத் திரும்பும் இடமானால் அந்த நாள் பாரம்.

ஊதியத்தை விட்டுவிட்டும் ஊக்கத்தைப் பேச முடியாது. 2009 மே 31-க்குள் பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அப்போது நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் பணியேற்றவருக்கு 5,200 ரூபாய். அதே தகுதி, அதே வகுப்பு. இந்த வேறுபாட்டை எதிர்த்து அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வேறொரு கவலையைச் சேர்த்தது: ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இருபது ஆண்டு கற்பித்த ஒருவர் இரவில் எட்டாம் வகுப்பு அறிவியலை மனப்பாடம் செய்துவிட்டுக் காலையில் இரண்டாம் வகுப்புக்கு வருகிறார் என்றால், அந்த இரவுகளும் பணிச்சுமைக் கணக்கில் சேர வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியரின் நிலை இன்னும் கடினம். குறைந்த சம்பளத்தோடு சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவதும் கட்டணம் கேட்பதும் வேன் பார்ப்பதும் அவர் தலையில்தான். அது தனியே எழுதப்பட வேண்டிய கதை.

பள்ளிக்குள்ளேயே செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. முதல் இரண்டு பாடவேளைகளில் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று ஒரு தலைமையாசிரியர் முடிவெடுத்து, வட்டாரக் கல்வி அலுவலரும் அதை மதித்தால் பெரிய மாற்றம் வரும். அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அது நடக்காது. மெமோ வாங்கப்போவது தலைமையாசிரியர்தான். ஆகையால் கட்டுப்பாடு அனுப்புபவர் பக்கம் இருக்க வேண்டும். ஒரு விவரம் ஏற்கெனவே எமிஸில் இருந்தால் அதை மறுபடி கேட்கக் கூடாது. செயலியில் ஏற்றியதைத் தாளிலும் எழுதச் சொல்லக் கூடாது. புதிய பதிவேடு ஒன்றைக் கேட்கும் சுற்றறிக்கை, அதற்கு ஆகும் நேரத்தையும் அதற்கு ஈடாக நிறுத்தப்படும் பழைய பதிவேட்டின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டம் அனுமதிக்கும் வெளிவேலைகள் மூன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அவற்றைத் தவிர மற்றதைத் தடுக்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு ஆசிரியர்களை விடுமுறை நாளிலும் கற்பித்தல் இல்லாத நாளிலும்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பிஎல்ஓ) வேலையில் இருந்த ஆசிரியர்கள் படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தது பள்ளி நடந்துகொண்டிருந்த மாதங்களில். அடுத்து 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம் அது. இரண்டு ஆசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை எடுத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில் நிற்கும். இருவரையும் எடுத்தால் பள்ளியைப் பூட்ட வேண்டும். எந்தெந்தப் பள்ளிகளிலிருந்து ஆசிரியரை எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த வாரங்களில் அவருக்குப் பதிலாக யார் வகுப்பில் நிற்பார், அவருக்குச் சம்பளம் எந்தத் துறை கொடுக்கும் என்பதை மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் உட்கார்ந்து பட்டியலிட ஒரு நாள் போதும். பள்ளிவாரியான எல்லா விவரமும் எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது.